ஹெட்போன் வயரை வீட்டிலேயே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் இருந்துகொண்டு ஹெட்போன், இயர்போன் வயர்களைத் தாங்களே செய்ய விரும்புகிறவர்களுக்காக இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஈயத்தை உருக்கி ஒட்டும் சோல்டரிங் அயனைக் கையில் பிடித்தே பார்க்காதவர்கள், கருவிகள் பற்றிய கேள்வியை முதலில் வாசித்துவிட்டு மேலே வரலாம்.

கடையில் சில நூறு ரூபாவுக்கு இயர்போன் தொங்குகிறது. மினக்கெட்டு வயர் செய்வது எதற்கு?

அந்தச் சில நூறு ரூபா இயர்போனுக்காக என்றால் செய்யவே வேண்டாம். அறுந்தால் இன்னொன்று வாங்குங்கள்.

ஆனால் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த மச்சான் தந்துவிட்டுப் போன நல்ல ஹெட்போன் ஒன்று பல வீடுகளில் இருக்கும். கொஞ்சக் காலம் நன்றாகப் பாடும். பிறகு ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும், போனில் செருகும் ஜாக்கைத் திருகிப் பிடித்தால் வரும், விட்டால் போகும். கடைசியில் அலுமாரிக்கு மேலே போய்விடும். உள்ளே இருக்கிற ஸ்பீக்கருக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. செத்தது வயர். அதிலும் முழு வயரும் அல்ல, ஜாக்குக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குள் எங்கோ ஓரிடம். அந்த இரண்டு விரல் அகலத்துக்காகத்தான் இவ்வளவு கதையும்.

இரண்டாவது காரணம் நீளம். ஸ்டூடியோ ஹெட்போன்களோடு 3 மீற்றர் வயர் வரும். சட்டைப் பையில் போன் வைத்துக் கேட்பவருக்கு அது காலில் சிக்கும். உங்களுக்கு வேண்டிய நீளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம்.

ஒலி நன்றாக வரும் என்ற ஆசையில் மட்டும் இறங்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த ஹெட்போனுக்குச் செய்யலாம்?

வயர் கழற்றக்கூடியதாக இருந்தால் வேலை சுலபம். ஹெட்போன் பக்கத்தில் என்ன மாதிரித் துளை என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் 3.5 மில்லிமீற்றர், சிலவற்றில் 2.5 மில்லிமீற்றர். ஏகேஜி கே240 போன்றவற்றில் மூன்று முள்ளு உள்ள சின்ன எக்ஸ்எல்ஆர். சென்ஹைசர் எச்டி 600 இல் இரண்டு முள்ளு, ஒன்று தடிப்பு, மற்றது மெல்லிசு, மாற்றிச் செருக முடியாதபடி. காதுக்குள் போடும் விலை கூடிய இயர்போன்களில் எம்எம்சிஎக்ஸ் என்ற சுழலும் பொத்தான் மாதிரியான இணைப்பு அல்லது 0.78 மில்லிமீற்றர் இரட்டை முள்ளு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓடியோ டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ் போன்றவற்றில் 2.5 ஜாக் உள்ளுக்குப் புதைந்து, திருகிப் பூட்டும் விதமாக இருக்கும். சாதாரண 2.5 ஜாக்கின் உடல் தடிப்பு என்பதால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. அளவு சரி, ஆனால் போகாது. ஜாக் வாங்கப் போகும்போது பழைய வயரையும் கையோடு கொண்டுபோங்கள்.

வயர் நேரே உள்ளுக்குள் போய் ஒட்டியிருக்கும் வகை என்றால் காதுக் குடுவையைத் திறக்க வேண்டிவரும். பஞ்சு உறையைக் கழற்றினால் அநேகமாகத் திருகாணி தெரியும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். இரு முனையிலும் 3.5 ஜாக் உள்ள ஒரு சாதாரண வயரைச் செய்து கை பழகுங்கள். ஆட்டோவிலோ வீட்டு ஸ்பீக்கரிலோ போனைக் கொழுவ எப்படியும் உதவும்.

ஜாக்கில் எந்த இடத்துக்கு எந்த வயர்?

ஜாக்கின் உலோகக் கம்பத்தில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் மூன்று பகுதி: நுனி இடது காது, நடு வலது காது, அடி பொது வயர் (இரண்டு காதிலிருந்தும் மின்சாரம் திரும்பி வரும் வழி). இதில் மாற்றமே கிடையாது.

மூன்று கறுப்பு வளையம் என்றால் மைக்கும் இருக்கிறது. இதில்தான் இரண்டு வழக்கம். இப்போதைய போன்களில் நுனி இடது, அடுத்தது வலது, அதற்கடுத்தது பொது, அடி மைக். இதற்குச் சிடிஐஏ என்று பெயர். ஓஎம்டிபி என்ற பழைய முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். பழைய நோக்கியாவோடு வந்த ஹெட்செட்டைப் புதிய போனில் போட்டால் குரல் மங்கி எங்கோ தூரத்தில் கேட்பது இதனால்தான். இன்றைக்குச் செய்வதென்றால் கண்ணை மூடிக்கொண்டு முதல் முறையிலேயே செய்யுங்கள்.

நிறுத்தும் பொத்தான் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறார்கள். மைக் வயரையும் பொது வயரையும் ஒரு கணம் ஒட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் வியர்வை பொத்தானுக்குள் இறங்கினால் பாட்டுத் தானாக நிற்கும், தானாகத் தொடங்கும். போனில் பேய் பிடிக்கவில்லை.

அண்ணை, வயர் எங்கே எடுப்பது? கிளிநொச்சியில் ஹெட்போன் வயர் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் தம்பி. ஹெட்போன் வயர் என்று கேட்காதீர்கள். பழைய மவுஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் கண்டதில் ஆகச் சிறந்த இலவச வயர் பழுதான கணினி மவுசின் வயர்தான். உள்ளே நான்கு இழை, பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. நமக்கு வேண்டியதும் நான்கு. நாள் முழுக்க மேசையில் இழுபடுவதற்கென்றே செய்யப்பட்டதால் நன்றாக வளையும், எளிதில் அறாது. கணினி திருத்தும் கடையிலும் நெட் கபேயிலும் ஒரு மூலையில் கிடக்கும். பழைய கீபோட் வயரும் சரிதான், கொஞ்சம் விறைப்பு.

சுவருக்குள் ஓடும் லான் வயர் வேண்டாம். அதன் ஒவ்வொரு இழையும் ஒற்றைக் கம்பி. வளைத்து வளைத்துப் பாவித்தால் முறியும். வீட்டு வயரிங் வயரும் அப்படித்தான். பல மெல்லிய கம்பிகள் திரிந்த வயர்தான் வேண்டும்.

மோட்டர் வைண்டிங் கடைகள் வன்னியில் நிறைய. தண்ணீர் மோட்டர் எரிந்தால் வயலும் தோட்டமும் நிற்கும் என்பதால் ஊருக்கு ஒரு கடையாவது இருக்கும். அங்கே எனாமல் பூசிய செம்புக் கம்பி கிடைக்கும். ஆனால் அதுவும் ஒற்றைக் கம்பி, மோட்டருக்கான அந்த எனாமலும் அயன் சூட்டுக்கு அசையாது. வயருக்கு வேண்டாம். அங்கே கேட்டு வாங்க வேண்டியது ஸ்லீவ், அதாவது கம்பிக்கு மேலே இழுக்கும் மெல்லிய குழாய்.

நல்ல ஜாக்குக்கு வவுனியா பசார் வீதிப் பக்கம் தேடலாம். அங்கும் இல்லையென்றால் கொழும்புக்குப் போகிறவரிடம் சொல்லி விடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஜாக்கில் மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். ஆக மலிவான ஜாக்கில் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் அயன் பட்டதும் இளகி, நுனி சாய்ந்துவிடும்.

மெல்லிய வயரில் ஒலி குறையாதா?

கணக்குப் பார்ப்போம். 28 கேஜ் செம்பு வயருக்கு ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் தடை. வயர் 1.2 மீற்றர் என்றால் போக வர 2.4 மீற்றர், அதாவது அரை ஓம். 32 ஓம் ஹெட்போனோடு இது தொடரில் நிற்கும்போது ஒலி குறைவது ஒரு டெசிபெல்லில் ஏழில் ஒரு பங்கு. எந்தக் காதுக்கும் பிடிபடாது. 300 ஓம் ஹெட்போனில் இன்னும் குறைவு.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு காதுக்குள் நாலைந்து சின்ன ஒலிப்பான்களை அடுக்கிய விலை கூடிய இயர்போன்களில், தடை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு மாதிரி ஏறி இறங்கும். சில இடங்களில் சில ஓம் வரைக்கும் விழும். அப்படியானவற்றில் வயரின் அரை ஓமும் ஒலியின் நிறத்தைச் சற்றே மாற்றலாம். அவற்றுக்குச் சற்றுத் தடித்த 26 கேஜ் போடுங்கள்.

வெள்ளி வயர்?

வெள்ளி செம்பை விட ஏறக்குறைய 6 வீதம் நன்றாக மின்சாரம் கடத்தும். செம்பு வயரை இம்மியளவு தடிப்பாக எடுத்தால் அதே பலன். மீதியெல்லாம் விற்கிறவரின் வாய். வெள்ளியை நகைக் கடைக்கு விட்டுவிடுங்கள்.

மூன்று இழையா, நான்கு இழையா?

நான்கு. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் பொது வயரை இழுத்து, ஜாக்கில் மட்டும் சேருங்கள். ஒரே பொது வயரை இரண்டு காதும் பங்கு போட்டால், அதன் தடை வழியாக இடது ஒலி வலதுக்குக் கொஞ்சம் கசியும். கசிவு சின்னதுதான். ஆனால் நான்காவது இழை இலவசமாக இருக்கும்போது ஏன் விடுவான்?

என்னென்ன கருவி வேண்டும்?

25 முதல் 40 வாற் சோல்டரிங் அயன் போதும், நுனி கூராக இருக்கட்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் 60 வாற் அயன் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒட்டும் ஈயம் (சோல்டர்) 0.8 மில்லிமீற்றர் தடிப்பில், 60 பங்கு தகரமும் 40 பங்கு ஈயமும் கலந்தது. அது 190 பாகைக்குள் உருகிவிடும். ஈயம் இல்லாத வகை 217 பாகைக்கு மேல்தான் உருகும், புதுக்கைக்குப் படியாது. சூடு காட்டினால் சுருங்கும் ரியூப் இரண்டு மூன்று அளவில். மல்ரிமீற்றர் ஒன்று, தொட்டால் பீப் அடிக்கும் வகை, மலிவானதே போதும். பிறகு பிளேட், குறடு, லைட்டர். வயரைப் பிடித்துத் தரும் மூன்றாவது கைக்கு இரண்டு உடுப்புக் கிளிப்பைப் பலகையில் ஆணியடித்து வையுங்கள். அயன் நுனி துடைக்க ஈரப் பஞ்சு வேண்டும். அதைச் சிரட்டையில் வைத்தால் ஆடாது.

ஈயம் நன்றாகப் பிடிக்கப் பூசும் பேஸ்ட் வாங்கும்போது கவனம். தகரப் பீலி ஒட்டுகிறவர்கள் பாவிக்கும் அமிலத்தைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். ஒட்டும்போது அருமையாக ஒட்டும், சில மாதத்தில் செம்பைத் தின்றுவிடும். போன் திருத்தும் கடையில் உள்ள ரோசின் (மரப்பிசின்) பேஸ்ட்தான் சரி.

ஈயம் நச்சு. வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். வரும் புகை ஈயப் புகை அல்ல, ரோசின் புகைதான். என்றாலும் நெஞ்சுக்கு நல்லதில்லை, யன்னல் பக்கம் இருந்து செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் தவழும் நிலத்தில் வேண்டாம்.

கறண்ட் இல்லாத நேரத்தில்?

40 வாற் பெரிய சுமை இல்லை, சிறிய சோலார் இன்வேட்டரே தாங்கும். 12 வோல்ற் அயனும் இருக்கிறது, முதலைக் கிளிப்பை மோட்டர்சைக்கிள் பற்றரியில் கொழுவலாம். இழுப்பது 3 அம்பியருக்குச் சற்று மேல். அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், பிறகு வண்டியை உதைந்துதான் எழுப்ப வேண்டிவரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கறண்ட் நின்றதே, அப்போது பலரும் இந்த வழிக்குத்தான் போனார்கள். 90களின் பொருளாதாரத் தடையில் பற்றரி உள்ளே வராமல், சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இதெல்லாம் பெரிய விசயமில்லை.

பழைய இயர்போன் வயரை வெட்டினேன். ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ஒட்டாது. இயர்போன் வயருக்குள் சிவப்பு, பச்சை, பொன்னிறம் என்று மயிரிழைக் கம்பிகள் தெரியும். அந்த நிறம் செம்பின் நிறமில்லை, எனாமல் பூச்சு. கம்பிகளுக்கு நடுவே ஒரு நூலும் ஓடும், இழுவையைத் தாங்குவதற்காக.

பிளேட்டால் சுரண்டினால் கம்பிதான் அறும். இப்படிச் செய்யுங்கள். நூலைப் பிரித்து நுனியோடு வெட்டிவிட்டு, கம்பிகளை ஒன்றாகத் திரியுங்கள். அயன் நுனியில் புது ஈயம் ஒரு பெரிய துளி எடுங்கள். கம்பி நுனியை அந்தத் துளிக்குள் விட்டு அப்படியே பிடியுங்கள். முதல் இரண்டு விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு சின்னப் புகை கிளம்பும், எனாமல் கருகிப் பின்வாங்கும், ஈயம் கம்பியில் ஏறத் தொடங்குவது கண்ணுக்கே தெரியும். மெதுவாக மூன்று நான்கு மில்லிமீற்றர் உள்ளே தள்ளுங்கள். எடுத்துப் பார்த்தால் நிறம் போய் வெள்ளியாகப் பளபளக்கும். இடையில் செம்பு நிறமோ பச்சையோ தெரிந்தால் இன்னொரு முறை. லைட்டரால் கொளுத்துகிறவர்களும் உண்டு. கம்பி கறுத்துப் போகும், அந்தக் கரியைத் துடைக்காமல் ஈயம் பிடிக்காது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வேலையை வரிசையாகச் சொல்லுங்கள்.

மவுஸ் வயரை வைத்து, இரண்டு காதுக்கும் தனித்தனியே வயர் போகும் ஹெட்போனுக்குச் சொல்கிறேன்.

நீளத்தை அளந்து, கை இடறலுக்கு ஒரு சாண் கூட விட்டு வெட்டுங்கள். ஹெட்போன் பக்கத்தில் 35 சென்ரிமீற்றர் அளவுக்கு வெளி உறையைக் கீறிக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளித் தாளோ பின்னலோ இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். சிவப்பும் கறுப்பும் ஒரு காதுக்கு, பச்சையும் வெள்ளையும் மற்றக் காதுக்கு. இரண்டு சோடியையும் தனித்தனியாக முறுக்கி, பிரியும் இடத்தில் சுருங்கும் ரியூப் போட்டுவிடுங்கள்.

தனி வயர்கள் நான்கை எடுத்துப் பின்னுவதென்றால் யன்னல் கம்பியில் கட்டிப் பின்னுங்கள். பின்னலில் நீளம் குறையும், கால் பங்கு கூட வைத்தால் பயமில்லை. தலை பின்னத் தெரிந்த தங்கச்சியோ அக்காவோ வீட்டில் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடுவது உத்தமம். நம் கைப் பின்னல் பார்க்கச் சகிக்காது.

இப்போது முக்கியமான கட்டம். ஈயம் வைக்க முன்னர் ஜாக்கின் மூடியையும் ரியூப் துண்டுகளையும் வயரில் கோத்துவிடுங்கள். கோக்காமல் ஒட்டிவிட்டுத் தலையில் கை வைக்காத ஆளே இந்தத் தொழிலில் இல்லை.

ஜாக்கை ஒரு பழைய துளைக்குள் செருகி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். சூட்டில் பிளாஸ்ரிக் இளகினாலும் முள்ளுகள் இடம் விட்டு அசையாது. துளைக்குப் பழுதான வானொலி ஒன்றின் சொக்கற்றே போதும். முதலில் ஜாக்கின் நாக்குகளில் கொஞ்ச ஈயம், வயர் நுனிகளில் கொஞ்ச ஈயம், பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடு. ஈயம் உருகிப் பளபளவென்று படிந்ததும் அயனை எடுங்கள், வயரை ஆட்டாமல் ஆறவிடுங்கள். ஆறும்போது ஆட்டினால் ஒட்டு மங்கிச் சொரசொரப்பாகும், பிறகு கரகரக்கும். சிவப்பு நுனிக்கு, பச்சை நடுவுக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து அடிக்கு. மற்ற முனையில் சிவப்பு, கறுப்புச் சோடி இடது காதுக்குப் போக வேண்டும், மறக்காதீர்கள்.

மூடியைத் திருக முன்னர் மல்ரிமீற்றர் வையுங்கள். நுனிக்கும் நடுவுக்கும், நடுவுக்கும் அடிக்கும் பீப் வரக்கூடாது. பிறகு ஹெட்போனைக் கொழுவி ஓம் அளவில் நுனியையும் அடியையும் தொட்டால், ஹெட்போனில் எழுதியிருக்கும் ஓமுக்குக் கிட்டிய எண் வரும். அதே நேரம் இடது காதில் மெல்ல ஒரு டிக் கேட்கும். அந்த டிக் கேட்டால் போனில் போட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் சில மாதத்தில் திரும்ப அறுகிறதே?

ஒட்டில் பிழையிருக்காது, வளைவில் இருக்கும். ஜாக்கின் விறைத்த உடல் முடிந்து வயர் தொடங்கும் கோட்டில்தான் ஒவ்வொரு முறையும் வளைகிறது. எல்லா வளைவும் ஒரே மில்லிமீற்றரில் விழுந்தால் எந்தச் செம்பும் தாங்காது. வயரைத் தடிப்பாக்கினாலும் தீராது. அந்த வளைவை ஐந்தாறு சென்ரிமீற்றருக்குப் பரப்பிவிட வேண்டும்.

நான் செய்வது: மெல்லிய ரியூப் ஒன்றை ஜாக்குக்குள்ளிருந்து ஆறு சென்ரிமீற்றர் வெளியே வரும்படி போட்டுச் சுருக்குவேன். அதன் மேல் நாலு சென்ரிமீற்றரில் இன்னொன்று, அதற்கு மேல் இரண்டில் இன்னொன்று. தொட்டுப் பார்த்தால் படிப்படியாக இளகிக்கொண்டு போகும். குமிழ்முனைப் பேனாவின் ஸ்பிரிங்கைப் போடுகிறவர்களும் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் ஸ்பிரிங் முடியும் இடத்தில் அதே பிரச்சினை கொஞ்சம் தள்ளிப் பிறக்கும். கீழே ரியூப் இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் போடாதீர்கள்.

ஜாக்கின் அடி நாக்கில் இரண்டு காது மாதிரி மடிக்கும் தகடு இருக்கும். அது வயரின் வெளி உறையைப் பிடிப்பதற்கு, உள் இழைகளை நசிப்பதற்கு இல்லை. உறை அந்தத் தகட்டுக்குள் வந்திருக்க வேண்டும், அப்போதுதான் இழுவை ஒட்டில் விழாது. காதுக் குடுவைக்குள் நேரே போகும் வயர் என்றால் உள்ளே ஒரு முடிச்சுப் போடுங்கள், எந்தப் பசையை விடவும் அது மேல். பசைத் துப்பாக்கியின் பசை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் இளகலாம்.

சப்பாத்து லேசின் உள் நூலை உருவிவிட்டு வயருக்கு மேல் இழுத்தால் துணி உறை மாதிரி அழகாக வரும். காதில் உரசும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

செய்து முடித்தேன். பாடகரைக் காணவில்லை, வயலின் மட்டும் கேட்கிறது.

இது எனக்குப் பிடித்த பழுது. பொது வயர் ஜாக்கில் ஒட்டவில்லை. பொது வயர் இல்லாதபோது இடதும் வலதும் தொடரில் வந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலிக்கும். பாடகரின் குரலை இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிந்திருப்பார்கள். சமமானது கழிபட்டுப் போகும். ஒரு பக்கமாக ஒதுக்கிய வாத்தியங்கள் மிஞ்சும். ஜாக்கின் அடி ஒட்டைத் திரும்பச் செய்யுங்கள், பாடகர் வந்துவிடுவார்.

குரல் இருக்கிறது, ஆனால் தலைக்கு நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறி, பேஸும் (தாழ்ந்த ஒலியும்) தளர்ந்து கேட்கிறது என்றால் ஒரு காதின் இரு வயரும் தலைகீழாகக் கொழுவியிருக்கிறது. எந்தக் காது என்று தேட வேண்டாம், ஏதோ ஒன்றை மாற்றினாலே இரண்டும் ஒத்துப்போகும்.

இரண்டு காதிலும் ஒரே ஒலி, இடம் வலம் தெரியவில்லை என்றால் நுனியும் நடுவும் ஒரு ஈயத் துளியால் ஒட்டிப் போயிருக்கும். உடனே கழற்றுங்கள், போனின் இரு வெளியீடும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன.

ஜாக் முழுதாக இறங்காமல் கரகரத்தால் வயரைப் பழி சொல்ல முன் போனின் துளையைப் பாருங்கள். கிரவல் தூசியும் சட்டைப் பைப் பஞ்சும் சேர்ந்து உள்ளே இறுகியிருக்கும். போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் ஈர்க்கால் மெல்லக் கிளறி எடுங்கள், ஊசி வேண்டாம்.

இரவில் வயல் காவலுக்குப் போகும்போது வானொலி கேட்க ஒரு காதுக்கு மட்டும் வயர் வேண்டும்.

நல்ல கேள்வி. யானை வருகிற சத்தத்துக்கு மற்றக் காது திறந்திருக்கத்தான் வேண்டும்.

நுனியையும் நடுவையும் நேரடியாகச் சேர்த்து ஒரு காதுக்குக் கொடுக்காதீர்கள், மேலே சொன்ன மல்லுக்கட்டுத்தான் நடக்கும். 47 ஓம் தடையி (ரெசிஸ்டர்) இரண்டு வாங்குங்கள், கால் வாற் போதும். ஒன்று நுனியிலிருந்து, ஒன்று நடுவிலிருந்து. இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்துக் காதுக்கு. சத்தம் கொஞ்சம் குறையும், இரவு வயலில் அது போதும். தடையிகளை ஜாக்கின் மூடிக்குள் ரியூப் போட்டு ஒளித்துவிடலாம்.

வானொலிக்காகச் செய்யும்போது நீளத்தைக் குறைக்காதீர்கள். பட்டன் போன்களிலும் சின்ன வானொலிகளிலும் எஃப்எம் அன்ரெனாவாக வேலை செய்வது ஹெட்போன் வயர்தான். எஃப்எம் ஓடுவது 88 முதல் 108 மெகாஹேர்ட்சில். 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் கால் பங்கு 75 சென்ரிமீற்றர். அதைவிடக் குட்டையான வயர் போட்டால், அலை மெலிந்த காட்டோரக் கிராமங்களில் இரைச்சல் கூடும். 1 மீற்றருக்குக் குறையாமல் வையுங்கள், சுருட்டாமல் தொங்கவிடுங்கள்.

ஒரு போனில் இரண்டு பிள்ளைகள் பாடம் கேட்க வேண்டும்.

ஒரு ஜாக், இரண்டு சொக்கற், நுனியோடு நுனி, நடுவோடு நடு, அடியோடு அடி. 32 ஓம் ஹெட்போன் இரண்டு சேர்ந்தால் 16 ஓம், எந்தப் போனும் சமாளிக்கும். ஒன்று 32, மற்றது 250 என்றால் ஒரு பிள்ளைக்குக் கேட்காது. சண்டை வரும். மூன்று நான்கு என்று கூட்டாதீர்கள்.

போனில் 3.5 துளையே இல்லை. ரைப்-சி ஜாக்கில் ஒட்டலாமா?

வேண்டாம். முள்ளுகள் மிகவும் நெருக்கம், பிழைத்தால் போனின் மின்சாரமே ஹெட்போனுக்குள் போகும். ரைப்-சியிலிருந்து 3.5க்கு மாற்றும் குட்டை வயரை வாங்குங்கள். சில மாற்றிகளுக்குள் ஒலியை மாற்றும் சில்லு (சிப்) இருக்கும், சிலவற்றில் வெறும் வயர்தான். வெறும் வயர் உள்ளது எல்லாப் போனிலும் வேலை செய்யாது, கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

4.4 மில்லிமீற்றர் பேலன்ஸ்ட் ஜாக் (இரண்டு காதுக்கும் பொது வயர் இல்லாத வகை) பற்றி?

அந்தத் துளை உள்ள கருவி கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். நான்கு இழையும் ஐந்து பகுதியுள்ள ஜாக்கில் தனித்தனியாகப் போகும், அடிப் பகுதி எர்த்துக்கு (கிரவுண்டுக்கு). ஆனால் 4.4 துளையில் செருகிச் சாதாரண 3.5 ஹெட்போன் கேட்க மாற்றி செய்யாதீர்கள். இரண்டு பக்கத்து எதிர் வயர்களும் ஒட்டிப்போய் அம்பிளிஃபயர் கெடலாம்.

வயர் பச்சையாகிறது. பழுதா?

கண்ணாடி மாதிரியான உறைக்குள் செம்பு பச்சை பிடிப்பது வியர்வையாலும் காற்றாலும். ஒலிக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டும் முனையில் பச்சை ஏறியிருந்தால் மட்டும் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். கேட்டு முடித்ததும் காதுப் பக்கத்தைத் துணியால் துடைத்து வைத்தால் குறையும். எலி கடித்ததென்றால் அதற்கு வைத்தியம் என்னிடம் இல்லை, ரின்னில் போட்டு மூடி வையுங்கள்.

மிஞ்சிய பழைய வயரை என்ன செய்வது?

மைக் பொத்தானும் நல்ல ஜாக்கும் இருந்தால் வெட்டி எடுத்து வையுங்கள், அடுத்த வேலைக்கு உதவும். செம்பு எடுப்பதற்காக வயரைக் கொளுத்தும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டயொக்சினும் வரும், வளவுக்குள் வேண்டாம். உறையை உரிக்காமல் அப்படியே பழைய இரும்பு வாங்குகிறவரிடம் கொடுங்கள். விலை குறைத்துத்தான் எடுப்பார், பேரம் பேசிப் பாருங்கள்.